காலூன்றாத காடைக் குஞ்சு

காடையைப் பற்றி வானொலியில் பேசப்போகிறோம் என்று சொன்னவுடன் அலுவலக நண்பர் ஒருவர், "வறுவலைப் பற்றியா, குழம்பைப் பற்றியா?" என்று வினவினார். அவரைக் குறை கூறுவதற்கில்லை. தமிழ்நாட்டு நெடுஞ்சாலை ஓரத்து உணவு விடுதிகளில் காடையின் பெயரைப் பலகையில் எழுதிவைப்பது அதன் அழகை வியப்பதற்காக அன்று. எனினும், இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் இலையில் விழும் காடை அன்று. வீட்டின் ஒரு மூலையில் குடியிருந்து, நம் காலடி ஓசையை அறிந்து குரல்கொடுக்கும் காடை. அதிலும் சிறப்பாக, முட்டையை விட்டு வெளிவரும்போதே காலோ விரலோ கழுத்தோ குறையுற்று வரும் குஞ்சுகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம்.

நேயர்களில் பலர் நம்மைப் போலவே பிறந்த ஊரை விட்டு வேற்று மாநிலத்தில் வாழ்கின்றவர்கள். முற்றமும் தொழுவமும் கோழிக்கூடும் இருந்த வீட்டை ஊரில் விட்டுவிட்டு, இரண்டு அறையும் ஒரு பால்கனியும் உள்ள வீட்டில் காலங் கழிக்கின்றவர்கள். நாங்கள் வாழும் டோம்பிவிலி அத்தகையோரின் ஊர். மத்திய ரயில்வேத் தடத்தில் கல்யாணுக்கு இரண்டு நிலையம் முன்னதாக இருப்பது. மாதுங்காவிலும் செம்பூரிலும் வாடகை தாங்காமற்போன நம்மவர் பலருக்கு இடங்கொடுத்த நகரம். காலையில் வண்டியைப் பிடித்து மும்பைக்குச் சென்று, இருட்டிய பின் திரும்புவதே இங்கே வாழ்க்கை. இத்தகைய வீட்டில் மாடு வளர்க்க முடியாது. நாய் வளர்த்தால் பகலெல்லாம் அது தனியே ஏங்கிக் கிடக்கும். கோழிக்கு இடம் போதாது. சேவல் கூவினால் மூன்று மாடிக்கும் பதில் சொல்ல வேண்டும். காடைக்கோ ஒரு மேசையின் அகலம் இருந்தால் போதும். ஆண் காடையும் கூவும். ஆனால் அந்தக் குரல் இரண்டாவது சுவரைத் தாண்டுவதில்லை. பக்கத்து வீட்டு மராத்திய அம்மையார் அதைக் கேட்டுவிட்டு, "லாவா வந்திருக்கிறதா?" என்று மகிழ்ந்தாரேயன்றிச் சினந்தாரில்லை.

மராத்தியில் லாவா, இந்தியில் பட்டேர், தமிழில் காடை. மொழிபெயர்ப்பே தொழிலாக உள்ளவர்களுக்கு ஒரு பறவை கிடைத்தாலும் முதலில் அதன் பெயரைத்தான் புரட்டிப் பார்க்கத் தோன்றும். நம் பழந்தமிழர் இதனைக் குறும்பூழ் என்றனர். கலித்தொகையில் மருதப் பாட்டு ஒன்றில், பரத்தை வீட்டிலிருந்து வந்த தலைவன் குறும்பூழ்ப் போர் காணச் சென்றதாகச் சாக்குச் சொல்ல, தலைவி அந்தச் சொல்லாலேயே அவனை மடக்குகிறாள். ஆகவே, காடையைச் சண்டைக்கு விட்டு வேடிக்கை பார்த்தது லக்னோ நவாபுகள் மட்டும் அல்லர். இந்தியில், "குருடன் கையில் காடை" என்று ஒரு பழமொழி வழங்குகிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று நாம் சொல்கிறோமே, ஏறக்குறைய அந்தப் பொருள். உண்மையில் காடை யார் கையிலும் எளிதில் சிக்காது என்பதைப் பழமொழி சொல்லாமற் சொல்கிறது.

ஜப்பானியர் இப்பறவையைப் பல நூற்றாண்டுகளாகக் குரலுக்காகக் கூட்டில் வளர்த்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் முட்டைக்காகவும் இறைச்சிக்காகவும் பெருக்கலாயினர். இரண்டாம் உலகப் போரின் அழிவில் பாட்டுக் காடைகளின் வமிசமே அற்றுப்போயிற்று; முட்டைக் காடையே எஞ்சியது. அந்த வழியில் வந்த ஜப்பானியக் காடை, 1974 இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலிருந்து உத்தரப் பிரதேசத்தின் இஜத்நகர் ஆராய்ச்சி நிலையத்துக்குக் கொண்டுவரப்பட்டது. நம் ஊர்ப் பண்ணைகளில் இன்று காணும் காடைகள் அந்த இனத்தவையே. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் நந்தனத்திலும் நாமக்கல்லிலும் தனக்கென வளர்ப்பு வகைகளை உருவாக்கியிருக்கிறது.

காட்டிலும் புல்வெளியிலும் தாமாகத் திரியும் காடைகள் வேறு. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் சாம்பல் நிறக் காடையும், மழைக்காலத்தில் புல் மறைவில் கூவும் கருநெஞ்சுக் காடையும் நம் நாட்டில் உண்டு. இவற்றை வலைவைத்துப் பிடிப்பதையும் விற்பதையும் வாங்கி வைத்திருப்பதையும் 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. வளர்ப்புக் காடையும் அச்சட்டத்தின் வரம்புக்குள் வருமா என்ற ஐயம் சில காலம் நிலவிப் பின்பு நீங்கியது. ஆதலால், சந்தை மூலையில் துணி போர்த்திய கூடையோடு நின்று, "காட்டுச் சரக்கு" என்று காதோடு சொல்பவரைக் கண்டால் விலகிச் செல்லுக. வாங்கிக் காப்பாற்றுகிறோம் என்ற நல்லெண்ணமும் வேண்டாம். நாம் ஒன்றை வாங்கினால் அவர் மறுநாள் இரண்டைப் பிடிப்பார்.

இச்சட்டம் பிறப்பதற்கு நெடுநாள் முன்னர் இதே மும்பையில் ஒரு சிறுவன் காடை வளர்த்தான். பெற்றோரை இழந்து, கேத்வாடியில் மாமன் வீட்டில் வளர்ந்த பிள்ளை. சமையலுக்கென்று உயிரோடு வாங்கிவந்த காடை, கௌதாரிகளில் சிலவற்றை, சமையற்காரரைத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டு மீட்டு, பெட்டிப் பலகையும் கம்பி வலையும் கொண்டு கூடு அமைத்து வைத்துக்கொண்டான். பிற்காலத்தில் இந்தியப் பறவையியலின் தந்தை எனப் பெயர்பெற்ற சாலிம் அலி அவர்களே அந்தச் சிறுவர். 1896 இல் பிறந்து 1987 இல் மறைந்த அவர், 1985 இல் வெளியான தம் வரலாற்று நூலில் இளமைக்காலப் பறவைகளை நினைவுகூர்கிறார். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் படிகளில் அவர் ஏறுவதற்கு முன்பே சமையலறை வாசலில் அவருடைய கல்வி தொடங்கிவிட்டது என்று நாம் கொள்ளலாம்.

இனி, வீட்டில் வளர்ப்பதற்கு வருவோம். இங்கே அனைத்துக்கும் அடிப்படையான செய்தி ஒன்று உண்டு. ஜப்பானியக் காடைப் பெட்டை பெரும்பாலும் அடைகாப்பதில்லை. எத்தனையோ தலைமுறைகளாக மனிதன் அதன் முட்டையை எடுத்து எடுத்து, அடை உட்காராத பெட்டையையே விரும்பித் தேர்ந்து பெருக்கியதனால், தாய்மைத் தொழிலே அதற்கு மறந்துபோயிற்று. முட்டையை எங்கேனும் இட்டுவிட்டு நடந்துவிடும். ஆகையால் அடைகாக்கும் சூடும், குஞ்சை அணைக்கும் சிறகும், "இது தீனி" என்று கொத்திக் காட்டும் அலகும் நாமே ஆக வேண்டியிருக்கிறது. குறையுற்ற குஞ்சை என் செய்வது என்ற வினாவுக்கு விடை தேடும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளல் நலம்.

கடையில் உண்பதற்கென விற்கும் முட்டையில் பெரும்பாலும் கரு இராது. ஆணும் பெண்ணும் சேர்ந்து வாழும் பண்ணையிலிருந்தே கொணர வேண்டும். முட்டை 10 கிராம் அளவு இருக்கும். வண்டியில் குலுங்கி வந்த முட்டைகளை ஒரு நாள் கூர்முனை கீழாக ஓய்வாக வைத்துப் பின்னரே இன்குபேட்டரில் வைத்தல் நன்று. உள்ளே காற்றோட்ட விசிறி உடைய கருவியாயின் 37.5 பாகை வெப்பம் வேண்டும். பதினான்கு நாள் வரை முட்டையை நாள்தோறும் பலமுறை திருப்பி, அதன்பின் திருப்பாமல் விட்டு, ஈரத்தைக் கூட்ட வேண்டும். பதினேழாம் நாளையொட்டிக் குஞ்சு வெளிவரும். இடையில் மின்சாரம் நின்றால் அஞ்ச வேண்டுவதில்லை. மூடியைத் திறவாமல் மேலே ஒரு கம்பளியைப் போர்த்தினால் ஒரு மணி நேரம் சூடு தங்கும். டோம்பிவிலியில் ஜூன் மாதத்து முதல் மழையோடு மின்சாரம் விளையாடும் விளையாட்டை அறிந்தவர்கள் கம்பளியைக் கைக்கெட்டும் இடத்திலேயே வைத்திருப்பார்கள். டில்லியில் வாழும் நேயர்கள் கடுங்குளிரில் பொரிக்க முயலாமல் மாசி கழியட்டும் என்று காத்திருப்பது உசிதம்.

ஓட்டைக் கொத்தித் துளையிட்ட குஞ்சு வெளிவரத் தாமதித்தால் நம் விரல்கள் துடிக்கும். உரித்து உதவலாமே என்று தோன்றும். துளையிட்டபின் பல மணி நேரம் அது ஓய்வாகக் கிடப்பது இயல்பு. அதற்குள் ஓட்டின் உட்படலத்து இரத்த நாளங்கள் வற்ற வேண்டும். மஞ்சட்கரு வயிற்றினுள் இழுத்துக்கொள்ளப்பட வேண்டும். முந்தி உரித்தால் இரத்தம் கசியும். பொறுத்திருத்தலே உதவி.

வெளிவந்த குஞ்சு 7 கிராம் கனக்கும்; கட்டைவிரல் நுனி அளவு. முதல் வாரம் 35 முதல் 37 பாகை சூடு, பின்பு வாரத்துக்கு ஏறக்குறைய மூன்று பாகையாகக் குறைத்தல் என்பது கணக்கு. ஆனால் வெப்பமானியைவிடக் குஞ்சே நன்றாகச் சொல்லும். விளக்கின் அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருங்கினால் குளிர். மூலைக்கு ஓடி வாய் திறந்து மூச்சு வாங்கினால் வெப்பம் மிகுதி. பெட்டி முழுதும் பரவி உறங்கினால் சரி. விளக்கைப் பெட்டியின் நடுவில் தொங்கவிடாமல் ஒரு புறமாக வைத்தால், தனக்கு வேண்டிய சூட்டைக் குஞ்சு தானே தேடிக்கொள்ளும்.

தண்ணீர்க் கிண்ணத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இவ்வளவு சிறிய உயிருக்கு ஒரு புட்டி மூடித் தண்ணீரும் குளந்தான். மூடியில் கோலிக்குண்டுகளை நிரப்பி, இடைவெளியில் மட்டும் நீர் நிற்கச் செய்தால் குஞ்சு மூழ்காது, நனைந்து விறைக்கவும் செய்யாது. தீவனம் மாவாக அரைத்ததாக இருத்தல் வேண்டும். கோழிக்குஞ்சுத் தீவனத்தின் புரதம் இதற்குப் போதாது. 24 விழுக்காட்டுக்குக் குறையாத தீவனம் தேவை. அது கிடைக்கும்வரை, வேகவைத்த கோழி முட்டையை உதிர்த்துக் கலந்து கொடுக்கலாம்.

இப்போது தரைக்கு வருவோம். குஞ்சின் காலடித் தரைதான் இந்தப் பேச்சின் நடுப்பொருள். வழவழப்பான செய்தித்தாளும் பிளாஸ்டிக் தட்டும் குஞ்சுக்குப் பனிக்கட்டி போன்றவை. எழுந்து நிற்க முயலும்போது கால்கள் இரு பக்கமும் வழுக்கி விரியும். முதல் இரண்டு நாள் அப்படியே விரிந்து விரிந்து, தொடையின் தசைநாண்கள் அந்நிலைக்கே பழகிவிட்டால், குஞ்சு பின்பு தவளை போல வயிற்றால் நகரும். இதைத்தான் கால் விரிதல் என்கிறார்கள். சொரசொரப்பான துணியோ, மேசையறைகளில் விரிக்கும் வழுக்காத ரப்பர் வலை விரிப்போ இருந்தால் பெரும்பாலும் இத்துன்பம் நேராது. நூல் வளையங்கள் எழும்பிய துண்டை மட்டும் விரிக்கலாகாது, விரல் சிக்கிக்கொள்ளும்.

காலூன்ற ஓர் இடம் என்பது எத்துணைப் பெரிய செல்வம் என்பதற்கு வானத்திலிருந்தே ஒரு சான்று உண்டு. 1990 மார்ச்சு 22 அன்று, மிர் என்னும் சோவியத் விண்வெளி நிலையத்தில் ஒரு காடைக் குஞ்சு முட்டையை உடைத்து வெளிவந்தது. பூமிக்கு வெளியே பிறந்த முதற் பறவை அது. அதனையொட்டி வேறு சிலவும் பிறந்தன. முட்டைக்குள் அவை ஒழுங்காகவே வளர்ந்திருந்தன. ஆனால் எடையற்ற வெளியில் பற்றிக்கொள்ளத் தரை இல்லை, மிதந்து சுழன்றன, தாமாகத் தீனியை அணுகி உண்ணக் கூடவில்லை. அவை நிலைத்து வாழவில்லை. உறுப்பில் குறையொன்றும் இல்லாத குஞ்சும் தரை இன்றேல் ஊனமுற்றதே என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட இயலாது.

எங்கள் இல்லத்தில் சென்ற ஆண்டு இருபத்துநான்கு முட்டைகளில் பதினேழு பொரிந்தன. பதினான்கு குஞ்சுகள் அன்று மாலையே ஓடின. மூன்று ஓடவில்லை. ஒன்றுக்குக் கால்கள் விரிந்திருந்தன. ஒன்றுக்கு இரு பாதத்திலும் விரல்கள் உள்நோக்கிச் சுருண்டு முட்டிபோல் மூடியிருந்தன. ஒன்றுக்குக் கழுத்து திருகி, அலகு வானத்தை நோக்கியிருந்தது. வீட்டில் உடனே இரு கட்சிகள் எழுந்தன. எட்டாம் வகுப்பில் படிக்கும் மகள் மூன்றையும் காப்பாற்ற வேண்டும் என்றாள். திருநெல்வேலிச் சீமையில் நாற்பது ஆண்டு கோழி வளர்த்த பாட்டி, "தாய்க்கோழியே நோஞ்சானைக் கொத்தி ஒதுக்கிவிடும், தாயே. அதற்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?" என்றார்.

பாட்டியின் சொல்லில் நியாயம் இல்லாமல் இல்லை. பண்ணைக்காரர் இதையே கணக்காகச் சொல்வார். ஒரு குஞ்சின் விலை சில ரூபாய். அதற்கு ஒரு மணி நேரம் செலவிடுவது வீண். தொழிலுக்கு அது பொருந்தும். ஆனால் தாய்க்கோழி ஒதுக்குவதற்கும் நாம் ஒதுக்குவதற்கும் ஒரு வேறுபாடு இருக்கிறது. விரல் சுருளுதல் பெரும்பாலும் தாய்ப் பறவையின் தீவனத்தில் ரைபோஃபிளேவின் என்னும் இரண்டாம் பி வைட்டமின் குறைவதால் வருவது. கழுத்துத் திருகலுக்குத் தயமினோ ஈ வைட்டமினோ போதாமை ஒரு காரணம். தலையில் அடிபடுதல் மற்றொரு காரணம். கால் விரிதல் தரையால் வருவது. பொரிப்பானின் சூடும் ஈரமும் பிசகினாலும் வரும். பிறவியிலேயே கருவில் நேர்ந்த கோளாறுகளும் உண்டு. அவற்றை யாரும் தடுக்க இயலாது. மற்றவை எல்லாம் மனிதர் அமைத்த தீவனம், மனிதர் அமைத்த சூடு, மனிதர் விரித்த தரை ஆகியவற்றின் விளைவு. தாயின் வேலையை அதனிடமிருந்து பிடுங்கிக்கொண்டவர்கள் கணக்கின் இந்தப் பக்கத்தையும் ஏற்கத்தான் வேண்டும் என்று மகளின் கட்சியில் நாங்கள் சேர்ந்தோம்.

கால் விரிந்த குஞ்சுக்குச் செய்வது எளிது. ஆனால் முதல் இரண்டு மூன்று நாளுக்குள் செய்ய வேண்டும். காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரை அரை சென்டிமீட்டர் அகலத்துக்குக் கத்தரித்து, இரு கணுக்கால்களையும், குஞ்சு இயல்பாக நிற்கும் அகலத்தில், அதாவது 1 சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான இடைவெளியில், விலங்கு போலப் பிணைக்க வேண்டும். இறுக்கினால் பாதம் வீங்கும், தளர்த்தினால் பயனில்லை. ஒருவர் குஞ்சைத் துணியில் பொதிந்து பிடிக்க, மற்றொருவர் கட்ட வேண்டும். கட்டியதும் அது குப்புற விழும். திரும்பத் திரும்ப விழும். அதனைக் கண்டு கட்டை அவிழ்த்துவிடலாகாது. மடித்த துணிகளுக்கு இடையே நிறுத்திவைத்தால் ஓரிரு மணியில் சமன்பாட்டைக் கற்றுக்கொள்ளும். நாள்தோறும் பட்டையை மாற்றுக. ஏனெனில் குஞ்சு நம் கண்ணெதிரிலேயே வளர்கிறது. எங்கள் குஞ்சு நான்காம் நாள் கட்டின்றி நடந்தது. பிறகு மற்றவற்றிலிருந்து அதைப் பிரித்தறிய முடியாமற் போயிற்று.

பறவையின் காலுக்குக் கட்டுப்போடுவதைக் கண்டு சிரித்த அண்டை வீட்டார்க்கு நாங்கள் ஒரு பழங்கதை சொன்னோம். ரிக் வேதத்தின் முதல் மண்டலத்தில் தேவ மருத்துவர்களாகிய அசுவினி தேவர்களின் அருஞ்செயல்களை அடுக்கிக் கூறும் இடத்தில், ஓநாயின் வாயிலிருந்து வர்த்திகை என்னும் பறவையை அவர்கள் விடுவித்த செய்தி வருகிறது. வர்த்திகையைக் காடை என்றே அறிஞர் பலர் கொள்வர். அதற்கு அடுத்த மந்திரத்திலேயே, போரில் கால் இழந்த விசுபலை என்பவளுக்கு அவர்கள் உலோகக் கால் பொருத்திய செய்தி இருக்கிறது. காடையும் காலும் அடுத்தடுத்து வந்தது தற்செயலாகவே இருக்கலாம். மொழிபெயர்ப்பாளர்களுக்கு இப்படிப்பட்ட தற்செயல்களில் ஒரு சபலம் உண்டு.

சுருண்ட விரல்களுக்குக் காலணி செய்ய வேண்டும். மெல்லிய அட்டையைப் பாதத்தின் அளவுக்கு வெட்டி, விரல்களை இயல்பான நிலையில் விரித்து, மேலும் கீழும் பிளாஸ்டரால் ஒட்டினால் அதுவே காலணி. இரண்டு மூன்று நாளில் விரல் நிமிரும். இதனோடு பி வைட்டமின் மருந்தும் தேவை; அதன் அளவைக் கால்நடை மருத்துவர் சொல்லக் கேட்டே கொடுக்க வேண்டும். ஏழு கிராம் உயிருக்கு நாம் ஊகித்து ஊற்றும் துளி, மலைபோன்ற அளவாகிவிடக்கூடும். எங்கள் குஞ்சின் வலப் பாதம் முற்றிலும் சீராயிற்று. இடப் பாதம் மூடியபடியே நின்றுவிட்டது. அட்டையைக் கத்தரித்து அந்தக் காலணிகளைத் தைத்ததுபோல் செம்மையாகச் செய்து கொடுத்தவர் யார் என்று சொன்னால் நேயர்கள் வியக்க மாட்டார்கள். பாட்டிதான்.

மூன்றாவது குஞ்சின் கதை வேறு. கழுத்து திருகிய குஞ்சுக்குத் தீனி எங்கே இருக்கிறது என்பதே தெரியாது. கொத்தினால் தலை வேறு பக்கம் போகும். மருத்துவர் தந்த வைட்டமினோடு, தீவனத்தைக் கூழாக்கி, இரண்டு மணிக்கு ஒருமுறை அலகின் ஓரத்தில் ஒரு துளி வைத்தோம். தொண்டைக்குள் ஊற்றலாகாது, பறவையின் மூச்சுக்குழாயின் வாய் நாவின் அடியிலேயே திறந்திருப்பதால் நீர் நேரே நுரையீரலுக்குப் போய்விடும். ஓரத்தில் வைத்த துளியை அது தானே நக்கி விழுங்கும். இவ்வாறு தேறி, ஓரிரு வாரத்தில் கழுத்து நேராகும் குஞ்சுகள் பல உண்டு. எங்களுடையது அவற்றில் ஒன்றாக இல்லை. ஒன்பது நாள் உண்டது. பத்தாம் நாள் துளி இறங்கவில்லை, மூச்சு இரைத்தது. மருத்துவர் பார்த்துவிட்டு, இனித் துன்பமே மிஞ்சும் என்றார். ஊசியால் அதன் துன்பத்தை முடிக்க இசைந்தோம். மகள் உடன் வந்திருந்தாள். வெளியே இரு என்று சொல்லியும் இருக்கவில்லை.

எதுவரை முயல்வது என்று கேட்பவர்களுக்கு நாங்கள் மருத்துவரிடம் கேட்டறிந்த அளவுகோல் இது: தானாகவோ உதவியோடோ உண்கிறதா, உண்டது செரிக்கிறதா, மூச்சு எளிதாக இருக்கிறதா, துணையின் குரலுக்குத் தலை திருப்புகிறதா. இவை உள்ளவரை நடக்க முடியாமையோ பார்வையின்மையோ மட்டும் ஒரு காரணம் ஆகாது. கண் தெரியாத காடை, தீனியும் நீரும் இடம் மாறாமல் இருந்தால், கிண்ணத்தை விரலால் தட்டும் ஓசையைக் கேட்டு வந்து உண்ணும். அதற்கு வீட்டின் வரைபடம் காலில் இருக்கிறது. பின்வாயில் எச்சம் ஒட்டி அடைத்துக்கொள்வது பார்வைக்கு அருவருப்பாயினும் சிறிய நோய். வெந்நீரில் நனைத்த பஞ்சால் ஊறவைத்துத் துடைத்தால் தீரும். இழுக்கலாகாது, பக்கத்தில் இருக்கும் தொப்புள் புண்ணாகும்.

குறையுற்ற குஞ்சைத் தனியே வைப்பதா, கூட்டத்தோடு விடுவதா என்பது எளிதில் தீராத சிக்கல். கூட்டத்தில் விட்டால் மற்றவை அதன் விரலையும் கண்ணையும் கொத்தும். தனியே வைத்தால் ஓயாது கத்திக் கத்தி இளைக்கும். காடைக் குஞ்சுக்குத் தனிமையைப் போன்ற நோய் வேறில்லை. ஒரே பெட்டியைக் கம்பி வலையால் தடுத்து, ஒரு பக்கத்தில் அதனையும், அதனோடு சாதுவான தோழன் ஒன்றையும் வைத்து, மறுபக்கத்தில் கூட்டத்தை விடுவதே நல்ல ஏற்பாடு. நம் கையில் எப்போதும் வைத்துக் கொஞ்சுவது அதற்கு உதவி அன்று; தான் காடை என்பதை அது மறந்துவிடும்.

வளர்ந்த காடையைப் பற்றிச் சுருங்கச் சொன்னால் போதும். மூன்றாம் வாரத்தில் நெஞ்சில் செம்பழுப்பு படர்ந்தால் ஆண், புள்ளி விழுந்தால் பெண். ஆறு ஏழு வாரத்தில் முட்டை தொடங்கும். பெண்ணே ஆணினும் கனமானது. ஓர் ஆணுக்கு மூன்று பெட்டையாவது இல்லாவிடில் பெட்டைகளின் முதுகில் இறகு மிஞ்சாது. இரண்டு ஆண்களை ஒரு கூட்டில் வைத்தால் கலித்தொகைக் காட்சியை நேரில் காணலாம். அச்சமுற்றால் காடை செங்குத்தாக மேலே பாயும். கூட்டின் கூரை கம்பியாக இருந்தால் மண்டை உடையும். ஆகவே மேலே துணியைத் தளர்த்திக் கட்டுக. ஒரு தட்டில் உலர்ந்த மணலும் விறகுச் சாம்பலும் இருந்தால், அதில் புரண்டு குளிப்பது அதற்கு நாள்தோறும் ஒரு திருவிழா. இரண்டு மூன்று ஆண்டே இதன் ஆயுள் என்பதைக் குழந்தைகளுக்கு முதலிலேயே சொல்லிவிடுதல் நல்லது.

மும்பைப் பக்கத்து மழைக்காலத்தில் தீவனத்தில் பூஞ்சை பிடிக்கும். அந்தப் பூஞ்சை குஞ்சின் நுரையீரலையும் பிடிக்கும். சிறுகச் சிறுக வாங்கி, மூடிய டப்பாவில் வைக்க வேண்டும். இந்தியாவில் பறவைக் காய்ச்சல் முதன்முதல் கண்டறியப்பட்டது இதே மாநிலத்தின் நவாப்பூரில், 2006 பிப்ரவரியில். ஆதலால் பால்கனிக் கூட்டில் காகமும் புறாவும் வந்து தீனி பங்கிடாதபடி வலை அடிப்பதும், கூட்டைத் தொட்டபின் சோப்பால் கை கழுவுவதும் தவறக்கூடாதவை. ஒரே நாளில் பல பறவைகள் காரணமின்றி இறந்தால் மறைக்காமல் கால்நடைத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

இடப் பாதம் மூடிய காடை பெட்டையாக வளர்ந்தது. மூடிய முட்டியை ஊன்றித் தாளம் தப்பிய நடையில் நடக்கும். அம்முட்டி புண்ணாகாதிருக்க அதன் கூட்டில் தடித்த மெத்துத் துணி விரித்திருக்கிறோம்; உள்ளங்காலைக் கிழமைக்கு ஒருமுறை பார்க்கிறோம். காடைகள் பெரும்பாலும் பிற்பகலின் இறுதியில் முட்டை இடுகின்றன; நாங்கள் மாலை வண்டியில் திரும்பி வரும்போது துணியின் மடிப்பில் புள்ளியிட்ட முட்டை கிடக்கும். அதன் முட்டையைச் சமைக்கிறோம், பொரிக்க வைப்பதில்லை. குறை கருவழி வந்ததா, தீவனத்தால் வந்ததா என்பது நிச்சயமாகத் தெரியாதபோது அதுவே முறை.

காடையைப் பார்க்கப் பழகிய மருத்துவர் எல்லா ஊரிலும் அருகில் இருப்பதில்லை. மும்பையில் இருப்போர்க்குப் பரேலில் 1886 இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியும், பாய் சகர்பாய் தின்ஷா பெட்டிட் விலங்கு மருத்துவமனையும் உண்டு. பிற நகரங்களில் உள்ளவர்கள் நோய் வருமுன்னரே ஒருவரை விசாரித்து முகவரியைக் குறித்துவைத்துக்கொள்க. கொண்டுசெல்லும் பெட்டி சிறியதாக, காற்றுத் துளைகள் உடையதாக, உள்ளே இருட்டாக இருக்கட்டும்; இருட்டில் காடை அமைதியாக இருக்கும். அடியில் வழுக்காத துணி விரிக்க வேண்டும். குஞ்சாயின் வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி ஒரு பக்கத்தில் வைத்து, அதன் தோழனையும் உடன் அனுப்புக. டோம்பிவிலியிலிருந்து புறப்படுவோர் காலை எட்டு மணிக் கூட்டத்தைத் தவிர்த்து, பதினொரு மணிக்குமேல் கிளம்புவது பறவைக்கும் பெட்டியைப் பிடித்திருப்பவருக்கும் நல்லது.